ஓசிப் புள்ளி

கையில் ரப்பர் பந்தைக் கொடுத்த அன்றைக்கே ஒடெத் முடிவு செய்துவிட்டாள். இந்த ஆகஸ்ட் திருவிழாவில் எறிந்தால் இரும்புக் குண்டுதான் எறிவது.

பின்னே என்ன? எழுபத்தேழு வயதில், நாற்பது வருடம் குண்டு ஆட்டத்தில் இரும்பைப் பிடித்துப் பழகிய கையில், பழுத்த தக்காளி மாதிரி அமுங்குகிற சிவப்புப் பந்தை வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? வல்மொரெல் ஊர் மேயர் அலுவலகம், நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்காகக் கோடை முழுக்க வியாழக்கிழமை காலைகளில் ஓர் ஏற்பாடு செய்திருந்தது. சதுக்கத்தில் நிழல் பரப்பிய பிளேன் மரங்களுக்கு அடியில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். எல்லார் தலையிலும் தொப்பி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர். உட்கார்ந்தபடியே கையைத் தூக்கி இறக்குவது, உயரமான மரப்பெட்டிகளில் நட்ட செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, கடைசியில் இந்தப் பந்து. நடத்துகிற பெண் கிளெர் நல்லவள், அவளைக் குறை சொன்னால் வாய் வெந்துவிடும். ஆனால் பந்து தரையில் வைத்த வளையத்துக்குள் விழுந்தாலும் கைதட்டுவாள், பக்கத்து நாற்காலிக்காரர் மடியில் விழுந்தாலும் கைதட்டுவாள்.

"சூப்பர் ஒடெத்தம்மா! சூப்பர்!"

"எங்கம்மா சூப்பர்? மூணடி தள்ளிப் போய் விழுந்திருக்கு. கண்ணு தெரியலியா உனக்கு?"

கிளெர் அதற்கும் சிரித்துவிட்டுக் கைதட்டினாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு செர்ரி மரத்து ஏணியிலிருந்து விழுந்தாள். இடுப்பு போயிற்று, முதுகெலும்பில் எங்கோ ஒரு நரம்பும் போயிற்று. அதிலிருந்து சக்கர நாற்காலிதான். அதைப் பற்றி அவள் அழுதது ஒரு வாரம். எட்டாம் நாள் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து கேட்ட முதல் கேள்வி, "பலகைல என் பேரு இருக்கா?"

இல்லை. குண்டு ஆட்டக் கிளப் கொட்டகையின் கரும்பலகையில் இரண்டு வரிசை உண்டு. குண்டை மெல்ல உருட்டி வைப்பவர்கள் ஒரு பக்கம், எதிராளியின் குண்டைப் பறக்க அடிப்பவர்கள் இன்னொரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்காக யார் ஆடுவது என்பதை அந்தப் பலகைதான் சொல்லும். அடிப்பவர்கள் வரிசையில் பத்தொன்பது வருடம் முதல் பெயர் ஒடெத். விழுந்த மறுவாரமே கிளப் தலைவர் ஃபிர்மின் ஈரத் துணியால் துடைத்துவிட்டார். கெட்ட எண்ணமில்லை, இடம் காலியாக இருந்தால் வேறு ஆளைப் போட வேண்டுமே என்றுதான். ஆனாலும் துடைத்தது துடைத்ததுதானே.

ஜூன் மாதம் அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு கொட்டகைக்கே போனாள்.

"திருவிழாவுல நான் ஆடணும். என் பேரைத் திரும்ப எழுது."

ஃபிர்மின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கடமான பேச்சு வந்தால் அவருக்குக் கண்ணாடியில் அழுக்குத் தெரியும். "ஒடெத், உங்களுக்காக வேற ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கோம். கௌரவத் தலைவி. தோள்ல பட்டுப் பட்டை, கையில பூங்கொத்து. நெழல்ல உக்காந்து கோப்பையைக் குடுக்கறீங்க. என்ன சொல்றீங்க?"

"நான் என்ன செத்தா போயிட்டேன், பூ வைக்கறதுக்கு?"

"ஐயோ, அப்படி இல்ல..."

"இந்த ஆட்டம் எதுக்கு வந்துச்சு ஃபிர்மின்? முட்டி வாதம் வந்து ஓடி எறிய முடியாத ஒருத்தருக்காகத்தானே, வட்டம் போட்டு இருந்த எடத்துலேருந்தே எறியலாம்னு வெச்சாங்க? அவரு நின்னு எறிஞ்சாரு. நான் உக்காந்து எறிஞ்சா என்ன குடியா முழுகிடும்? ஒரு சக்கரம் வட்டத்துக்குள்ள இருந்தாப் போதும்னு சட்டமே சொல்லுது. படிச்சுப் பாரு."

படித்துத்தான் இருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி. திருவிழா அன்னிக்கு லா கொம்ப் ஊர்க்காரங்களோட ஒரு ஆட்டம். நீங்களும் லூசியெனும். நல்லா ஆடினா பலகைல எழுதறேன். இல்லேன்னா பட்டுப் பட்டை. சம்மதமா?"

"கையைக் குடு" என்றாள் ஒடெத்.

லூசியென் அவளுடைய பழைய ஜோடி. எண்பத்தொரு வயது, இரண்டு முட்டியும் துருப்பிடித்த கீல். அவருக்குக் குனிய வராது, அவளுக்கு எழுந்திருக்க வராது. ஒடெத் வீட்டுப் பின்கட்டில், வெயில் ஏறுவதற்கு முன், காலை ஏழு மணிக்கு இருவரும் பயிற்சியைத் தொடங்கினார்கள். நாற்காலியின் வலதுகைப் பிடியைக் கழற்றி எறிந்தாயிற்று, கை வீசுவதற்கு இடம் வேண்டுமே. சக்கரம் சரளையில் புதையாமல் இருக்கப் பலகைத் துண்டு. விழுந்த குண்டைக் கயிற்றில் கட்டிய காந்தத்தால் லூசியென் தூண்டில் போடுவது போல எடுத்துத் தருவார்.

சும்மா சொல்லக் கூடாது, முதல் மாதம் நாசம்தான். நின்று அடிக்கும்போது அடி முழங்காலிலிருந்து கிளம்பும், இடுப்பு வழியாக ஏறும், கை கடைசியில் அனுப்பி வைக்கும். இப்போது எல்லாமே தோளும் மணிக்கட்டும்தான். ஒரு குண்டு பூசணிக்காயைப் பிளந்தது. ஒன்று பக்கத்து வீட்டு ஓட்டைப் பெயர்த்தது. "அந்த மனுஷன் உள்ள இருக்கானான்னு பாத்துட்டு எறி" என்றார் லூசியென். ஒடெத் பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தாள். இரவில் தோளுக்குக் கர்ப்பூரத் தைலம், காலையில் மறுபடி குண்டு. ஜூலை கடைசியில் பத்துக்கு நான்கு பட்டது. ஆகஸ்டில் ஐந்து.

"பத்துக்கு அஞ்சு" என்றார் லூசியென். "ரெண்டு காலும் இருக்கற ஃபிர்மினுக்கு மூணுதான் படும்."

அன்றைக்கு மதியம் ஒடெத் தட்டில் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

திருவிழா அன்று சதுக்கத்தில் நிற்க இடமில்லை. சில்வண்டுகள் மரத்தில் கத்தித் தீர்த்தன. கொட்டகை வாசலில் சோம்பு சாராயத்தில் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பால் நிறமாக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமைக் கூட்டம் மொத்தமும் தொப்பி சகிதம் முன்வரிசையில் இருந்தது, நடுவே கிளெர். ஃபிர்மின் பக்கத்து மேசையில் பட்டுப் பட்டையும் பூங்கொத்தும் தயாராக இருந்தன. ஒடெத் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

எதிராளி யார் என்று பார்த்ததும் லூசியெனுக்கு முகம் செத்துவிட்டது. லா கொம்ப் ஊர் ரெமி. ஐம்பத்தைந்து வயது, மாவட்டத்தில் அவனைப் போல அடிப்பவன் கிடையாது. கூட அவன் மச்சான் ழெரோம்.

"போச்சு" என்றார் லூசியென். "இன்னிக்கு நாம ஃபன்னிதான்."

ஃபன்னியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆட்டத்தில் முதலில் பதின்மூன்று புள்ளி எடுப்பவர் ஜெயித்தவர். தோற்றவர் ஒரு புள்ளிகூட எடுக்காமல் பதின்மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றால், அங்கேதான் வினை. கொட்டகைச் சுவரில் கதவு வைத்த ஒரு சின்ன மரப்பெட்டி. அதற்குள் ஃபன்னி என்கிற பெண்ணின் படம், பாவாடையைத் தூக்கிக்கொண்டு பின்புறத்தை ஊருக்குக் காட்டியபடி. பூஜ்யக்காரர் எல்லார் முன்னாலும் முட்டி போட்டு, அந்தப் பின்புறத்துக்கு முத்தம் கொடுக்க வேண்டும். மணியடிப்பார்கள், ஊரே கூவும். முட்டி போடுகிறவனின் முகத்துக்கு நேராக வரட்டும் என்றே பெட்டியைத் தாழ்வாக அறைந்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு இதே ரெமியை அங்கே முட்டி போட வைத்தவள் ஒடெத்.

ஆட்டம் தொடங்கியது. இலக்காக வைக்கும் சின்ன மரக்குண்டுக்குப் பெயர் பன்றிக்குட்டி. அதற்கு அருகில் யார் குண்டோ, அவருக்குப் புள்ளி. கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் சதுக்கத்துச் சரளை ஒடெத் வீட்டுப் பின்கட்டுச் சரளை இல்லை. முதல் சுற்றில் பிரேக் வழுக்கி, எறியும்போதே நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. இரண்டாம் சுற்றில் கை வியர்த்தது. லூசியென் வைத்ததையெல்லாம் ரெமி 'டக் டக்'கென்று பறக்கவிட்டான். மூன்று, ஐந்து, எட்டு. ஒடெத் சக்கரத்தின் கீழே இன்னொரு பலகையை வைக்கச் சொன்னாள். கை மெல்ல மெல்லத் தூரத்தைப் பிடித்தது. ஒரு முறை ரெமியின் குண்டை அவள் குண்டு உரசிக்கொண்டு போனது. அதற்குள் அவர்கள் பன்னிரண்டு. இவர்கள் பூஜ்யம்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. யாரும் கேலி செய்யவில்லை. வழக்கமாகப் பன்னிரண்டுக்குப் பூஜ்யம் என்றால் "ஃபன்னி, ஃபன்னி" என்று காது கிழியக் கூவுவார்கள். இன்றைக்கு ஒரு வாய் திறக்கவில்லை. ஃபிர்மின் மட்டும் நடந்து போய் ரெமியின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த சுற்றில் லூசியென் கடைசிக் குண்டைப் பன்றிக்குட்டிக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார். ழெரோம் எறிந்தது எங்கோ தாண்டிப் போயிற்று. ரெமி கையில் ஒரே குண்டு மிச்சம். ஏழு மீட்டர். அவன் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற தூரம். அடித்தான். ஒரு சாண் இடப்பக்கமாக வெறும் தரையில் விழுந்து உருண்டது.

ஃபிர்மின் அளக்கக்கூட இல்லை. "வல்மொரெலுக்கு ஒரு புள்ளி! பன்னிரண்டு, ஒன்று!"

சதுக்கம் கைதட்டியது. லூசியென் நெஞ்சில் கையை வைத்து வானத்தைப் பார்த்தார். ஒடெத் கைதட்டலைக் கேட்டாள். கிளெரின் கைதட்டல் அது. ஊர் முழுக்க அதே கைதட்டலைத் தட்டியது.

அவள் ரெமியைப் பார்த்தாள். தவறவிட்டால் ரெமி எப்படி இருப்பான் என்று மூன்று மாவட்டத்துக்கும் தெரியும். சரளையை எத்துவான். "இந்தக் கையை ஒடச்சு அடுப்புல வெக்க!" என்று தன்னையே கத்தித் திட்டிக்கொள்வான். பாதிரியார் பக்கத்தில் இருந்தாலும் நிறுத்த மாட்டான். இப்போது அமைதியாகக் குனிந்து, குண்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டேய் ரெமி."

அவன் நிமிரவில்லை.

"ரெமி! உன்னைத்தான். ஏன்டா திட்டலே?"

"என்ன மதாம்?"

"விட்டுட்டியே ஒரு சாண். எப்பவும் உன் கையைத் திட்டுவியே. ஏன் திட்டலே?"

ரெமியின் காது சிவந்தது. ஃபிர்மின் குறுக்கே வந்தார். "ஒடெத், வெயில் ஏறுது, ஆட்டத்தை..."

"நீ சும்மா இரு. ரெமி, இருபத்திரண்டு வருஷம் முன்னாடி உன்னை இதோ இதே எடத்துல முட்டி போட வெச்சேனே. பன்னெண்டுல நின்னப்ப உனக்கு ஓசியா ஒரு புள்ளி போட்டேனா?"

"இல்ல."

"ஏன் போடலே?"

அவன் துணியைக் கையில் சுருட்டினான்.

"ஆட வந்தவன்னு மதிச்சேன்டா உன்னை. அதனாலதான். என்னை நீ என்னன்னு நெனச்சே? ரப்பர் பந்து ஆட வந்தவள்னா?" அவள் ஃபிர்மின் பக்கம் திரும்பினாள். "அந்தப் புள்ளி எங்களோடது இல்ல. அழி."

லூசியென் அலறிவிட்டார். "ஏய் ஒடெத்! ஒனக்கென்ன பைத்தியமா? வந்த புள்ளியை வாங்கிக்கோ. முட்டி போட்டா என்னை எழுப்ப கிரேன்தான் கொண்டாரணும்!"

"கொண்டாரட்டும்."

"சட்டப்படி புள்ளியை வேணாங்க முடியாது" என்றார் ஃபிர்மின். கண்ணாடி கையில் இருந்தது.

ரெமி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தான். "முடியும். நான் சரியா ஆடலை. எங்க குத்தம். அந்தச் சுற்று செல்லாது." பிறகு ஒடெத்தைப் பார்த்துச் சொன்னான்: "மன்னிச்சுக்கங்க மதாம். இனிமே விட மாட்டேன்."

"விட்டா பல்லை ஒடப்பேன்" என்றாள் ஒடெத்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "ஃபன்னி! ஃபன்னி!" இன்னொரு குரல் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் சதுக்கமே கூவியது. தொப்பிக் கூட்டமும் கூவியது. ஒடெத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டு வருடமாக அவளை யாரும் கேலி செய்யவில்லை.

மறுபடி பன்னிரண்டுக்குப் பூஜ்யம். பன்றிக்குட்டி எட்டு மீட்டர் தூரத்தில் நின்றது. லூசியென் வைத்தார். ழெரோம் அதைவிடக் கிட்டத்தில் வைத்தான். மாற்றி மாற்றிக் குண்டுகள் தீர்ந்தன. கடைசியில் ழெரோமின் குண்டு ஒன்று பன்றிக்குட்டியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ரெமியிடம் ஒரு குண்டு, ஒடெத்திடம் ஒரு குண்டு. இவள் முறை.

வலச் சக்கரத்தை வட்டத்துக்குள் சரியாக நிறுத்தி பிரேக்கை இறுக்கினாள். நின்று ஆடிய காலத்தில் எப்படி அடித்தோம் என்பதை நினைக்கவில்லை. தோளை இறக்கினாள். கை பின்னால் போயிற்று, வந்தது, மணிக்கட்டு கடைசி நொடியில் திறந்தது. குண்டு உயரமாகப் போய், தரையையே தொடாமல், நேராக ழெரோமின் குண்டு மேல் இறங்கியது. இரும்போடு இரும்பு மோதிய சத்தம் தேவாலயச் சுவர் வரை போய்த் திரும்பியது. ழெரோமின் குண்டு வெளியே பறந்தது. அவளுடையது பன்றிக்குட்டிக்கு நான்கு விரல் தள்ளி நின்றது.

அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கூச்சல். அதில் கிளெரின் கைதட்டல் இல்லை, கிளெர் தட்டவே மறந்து வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். லூசியென் கைத்தடியைத் தூக்கிச் சுழற்றினார். "எட்டு மீட்டரு! உக்காந்துட்டு! பாத்தியாடா, பாத்தியா!"

ரெமியின் கடைசிக் குண்டு மிச்சம் இருந்தது. அவன் அதை உள்ளங்கையில் உருட்டினான். ஒடெத்தைப் பார்த்தான்.

"என்ன பாக்கறே?" என்றாள். "அடி."

அடித்தான். முழு மனதோடு அடித்தான். அவள் குண்டு தெறித்து மரத்தடிக்குப் போய்விட்டது. அது இருந்த அதே இடத்தில் அவன் குண்டு ஆணி அடித்த மாதிரி நின்றது.

பதின்மூன்று, பூஜ்யம்.

ஒடெத் நாற்காலியின் இடதுகைப் பிடியை ஓங்கித் தட்டினாள். "அதுதான்டா அடி! எங்கம்மா சத்தியமா அதுதான் அடி!"

ஃபிர்மின் ஓடி வந்தார். "போதும், போதும், எல்லாருக்கும் வாழ்த்து. ஃபன்னியெல்லாம் இன்னிக்கு வேணாம், வயசானவங்க..."

"யாரு வயசானவங்க? மணியை எடு."

"ஒடெத்..."

"பதினோரு பேரை நான் அங்க அனுப்பியிருக்கேன் ஃபிர்மின். ஒருத்தருக்காவது வேணாம்னியா? மணியை எடு."

கூட்டம் வழி விட்டது. அவளே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனாள், யாரையும் தள்ள விடவில்லை. ஃபிர்மின் மணியடித்தார். யாரோ பெட்டிக் கதவைத் திறந்தார்கள். ஒடெத் நாற்காலியைச் சுவரோரம் நிறுத்தி நிமிர்ந்தாள். ஃபன்னியின் பின்புறம் மிகச் சரியாக அவள் மூக்குக்கு நேராக இருந்தது. அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"என்னடி ஆச்சு?" என்றார் லூசியென்.

ஒடெத் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இந்த ஊர்ல எத்தனை பேரு இதுக்கு முத்தம் குடுத்திருக்கீங்க? கையைத் தூக்குங்க!" கைகள் உயர்ந்தன, ரெமியின் கையும், ஃபிர்மினின் கையும். "எல்லாரும் முட்டி போட்டுத்தானே குடுத்தீங்க? நல்லாப் பாத்துக்கங்க. முட்டி போடாமக் குடுக்கற மொத ஆளு நான்தான்."

சொல்லிவிட்டு, முதுகை நேராக வைத்துக்கொண்டு, சத்தம் வர முத்தம் கொடுத்தாள். சதுக்கம் வெடித்தது. ரெமி தொப்பியைக் கழற்றினான்.

லூசியென் அவள் காதருகே குனிய முயன்று, முடியாமல் நின்றபடியே கெஞ்சினார். "ஒடெத், என் ராசாத்தி, அஞ்சு நிமிஷம் அந்த நாற்காலியைக் குடேன்."

"என் நாற்காலி. ஒனக்கு வேணும்னா முட்டி போடு."

ரெமியும் ழெரோமும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை இறக்கினார்கள், முத்தத்துக்குப் பிறகு தூக்கி நிறுத்தினார்கள். கிரேன் தேவைப்படவில்லை. ஒரு கிளாஸ் சோம்பு சாராயம் தேவைப்பட்டது.

ஃபிர்மின் ஒரு கையில் பட்டுப் பட்டையும் மறு கையில் பூங்கொத்துமாக என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பதின்மூன்றுக்குப் பூஜ்யம் என்றால் நல்லா ஆடினதா இல்லையா? அவர் கணக்கில் அது எங்கேயும் அடங்கவில்லை.

ரெமி அவரிடம் போனான். "தலைவரே, இவங்க பேரை உங்க பலகைல எழுதலேன்னா சொல்லிடுங்க. எங்க ஊர்ப் பலகைல எழுதிக்கறோம்." பிறகு ஒடெத் பக்கம் திரும்பினான். "பழி தீக்க எப்போ வர்றீங்க மதாம்?"

"ஞாயித்துக்கெழம. உங்க ஊருக்கே வர்றேன். பெட்டியைத் தொடச்சு வை."

ஃபிர்மின் பட்டுப் பட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். பூங்கொத்தை ஒடெத் அவர் கையிலிருந்து வாங்கி, ஃபன்னியின் பெட்டிக்குள் சொருகிக் கதவைச் சாத்தினாள். அவர் சுண்ணக்கட்டியை எடுத்து, அடிப்பவர்கள் வரிசையில் கடைசிப் பெயருக்குக் கீழே கையை வைத்தார்.

"அங்க இல்ல" என்றாள் ஒடெத். "மேல."

மேலே இருந்தது அவருடைய சொந்தப் பெயர். ஃபிர்மின் அதைத் துணியால் துடைத்துவிட்டு எழுதினார்.